முதல் வரிக்கு முன்னால் ஒரு வேலி

# 786

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்.

கத்தார் நாட்டில் நற்சுகத்துடன் உழைக்கும் அன்பு மருமகன் முஸ்தாக் அறிய, மாமா பக்கீர் முகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். உன் உம்மா, அதாவது என் தங்கச்சி நஸீறா, நேற்றுக்கூட வந்து போனாள். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் அப்படியேதான் இருக்கிறது. உன் மாமி றாஹிலா சலாம் சொல்லச் சொன்னாள். கடல் இரண்டு நாளாக இரைச்சல். மீன் விலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, நீ அங்கே நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது ஒரு விளக்கக் கடிதம். நீர்ப்பாசனக் கந்தோரில் இலிகிதராக இருந்த காலம் முழுவதும் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம், விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வருவதற்கு முன்னால் நாமே விளக்கத்தை எழுதிக் கோப்பில் போட்டுவிட வேண்டும் என்பதுதான். கேட்ட பிறகு கொடுத்தால் அது சாக்குப்போக்கு, கேட்காமல் கொடுத்தால் அது அறிக்கை. நீ அங்கிருந்தபடி என் மகள் றிபாவுக்குச் செய்து கொடுத்த மருதோன்றி வெப்சைட் நேற்று வியாழக்கிழமை முற்பகலிலிருந்து பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் உயிரில்லாமல் மௌத்தாகிக் கிடந்தது. வெப்சைட் குடியிருக்கிற சேர்வரில் யார் எப்போது தடுக்கி விழுந்தாலும் அது ஒரு பதிவில் ஏறுமாம், அந்தப் பதிவை நீ அங்கிருந்து பார்க்கலாமாம். பார்த்துவிட்டு யாரோ கள்ளன் புகுந்திருக்கிறான் என்று நீ பதறி றிபாவுக்கு ஃபோன் எடுக்கக்கூடும். கள்ளன் இல்லை. நான்தான்.

இதை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று நீ கேட்பாய். வீட்டில் இருக்கிற கொம்பியூட்டர் றிபாவுடையது. நான் ஃபோனில் தட்டுகிறதெல்லாம் அதிலும் வந்து நிற்கும்படி ஏதோ ஒரு வசதி செய்து வைத்திருக்கிறாள். ஈமெயிலும் அவள் பெயரில்தான் திறந்து கிடக்கிறது. தபாலில் போட்டால் உனக்குக் கிடைப்பதற்குள் நீ லீவில் வந்துவிடுவாய். ஆகவே நன்றாக யோசித்து, ஒருவருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, இந்தக் கடிதத்தைச் சேர்வருக்குள்ளேயே வைத்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். அதன் திறப்பு, அதாவது பாஸ்வேர்ட், உன்னிடமும் என்னிடமும்தான் இருக்கிறது. றிபாவிடமும் உண்டு, ஆனால் அவளுக்கு மருதோன்றியைக் குழைக்கவே நேரம் போதாது, சேர்வரின் வாசலுக்கு அவள் போனதே இல்லை.

விஷயத்தின் வேர் நிந்தவூரில் இருக்கிறது. நிந்தவூர் காலிதீனின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். காலிதீனை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாய்க்கால் விஷயமாக எங்கள் கந்தோருக்கு வருவார். ஒரே கடிதத்தை மூன்று தரம் என்னைக் கொண்டு திருப்பித் திருப்பி எழுதுவித்துவிட்டு, கடைசியில் முதலாவதாக எழுதியதுதான் நல்லது என்று அதை எடுத்துக்கொண்டு போனவர். பால் வாங்கினால் மாட்டின் வயதைக் கேட்கிற மனிதர். இது நமக்குள் இருக்கட்டும். அந்த வீட்டில் மணப்பெண், அவளுடைய ராத்தாமார், மச்சிமார், லண்டனிலிருந்து வருகிற சாச்சிமார் என்று ஒரு படைக்கே மருதோன்றி போட வேண்டியிருக்கிறது. றிபா இதுவரை செய்ததெல்லாம் ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குத்தான். இந்தக் கல்யாணம் கிடைத்தால் கல்முனை பஸாரில் ஓர் அறை எடுத்துச் சொந்தமாகத் தொழிலைத் தொடங்குவதாகவும், கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் பில் அடிக்கிற வேலைக்கு வருவதாகச் சொல்லிவிடப் போவதாகவும் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள், அவளுடைய உம்மாவுக்குக்கூடத் தெரியாது. காலிதீன் வீட்டார் இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்ற பிறகு, குடும்பமாக உட்கார்ந்து வெப்சைட்டைப் பார்த்து முடிவு சொல்வதாக அறிவித்திருந்தார்கள்.

றிபா புதன்கிழமையே வரிப்பத்தான்சேனைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வயற்காரர் வீட்டுக் கல்யாணம், இன்று பின்னேரம்தான் வருவாள். போகும்போது திறப்பு எழுதிய துண்டை என் கையில் தந்து, ஏதாவது மெசேஜ் வந்தால் மரியாதையாகப் பதில் போடுங்கள், வேறொன்றிலும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னாள். ஓம் என்றேன். சொல்லும்போது அந்த எண்ணம்தான் இருந்தது.

பிறகு ஏன் கை வைத்தீர்கள் என்று கேட்பாய். வியாழக்கிழமை காலை, தேத்தண்ணி குடித்துவிட்டு, காலிதீன் பார்க்கப்போகிறதை நாமும் ஒருமுறை பார்த்து வைப்போம் என்று திறந்தேன். கைகளின் படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. மேலே முகவரி எழுதியிருக்கிற இடத்தில் றிபாவின் பெயர் இருந்தது. அதற்கு இடப்பக்கத்தில், ஒட்டினாற்போல, ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதியிருந்தது. மருமகன், நீ இன்னும் கல்யாணம் முடிக்காதவன், உனக்கு இது விளங்காமல் போகலாம். கல்யாண வயதில் ஒரு பெண்பிள்ளையை வைத்திருக்கிற வாப்பா, மகளின் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லை உலகம் முழுக்கப் பார்க்கிற மாதிரி எழுதி வைத்திருப்பதைக் கண்டால் அவனுக்குத் தொண்டையில் சோறு இறங்குமா? அதுவும் மாட்டின் வயதைக் கேட்கிற ஒருவர் நாளைக்குப் பார்க்க இருக்கும்போது?

உடனே சேர்வர்க் கம்பனிக்காரரிடம் எழுத்து மூலம் முறைப்பாடு செய்தேன். அவர்கள் மரியாதையானவர்கள். பூட்டு ஏற்கெனவே இருக்கிறது, வருகிறவர்கள் பூட்டில்லாத பழைய வழியால் வருவதுதான் பிரச்சினை, அவர்களைப் பூட்டுள்ள வழிக்குத் திருப்பிவிட்டால் சரி என்றார்கள். அதற்காக மூன்று வரிகளை எழுதி அனுப்பி, ‘புள்ளி எச்ரி அக்சஸ்’ என்ற கோப்பைத் திறந்து அதில் இவற்றைப் போட்டு மறுபடியும் ஏற்றுங்கள் என்றார்கள். ஒரு வாய்க்காலை அடைத்து மற்ற வாய்க்காலால் தண்ணீரை விடுகிற வேலை. எங்கள் கந்தோரில் நான் எழுதிய கடிதங்களில் அரைவாசி அதைப் பற்றியதுதான். ஆகவே இது நமக்குத் தெரிந்த தொழில் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம்தான் முதலாவது பிழை.

உள்ளே போனால் திரை இரண்டு பாகமாக இருந்தது. இடப்பக்கம் நம் வீட்டுக் கொம்பியூட்டர், வலப்பக்கம் சேர்வர். ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே இழுத்துப் போட்டால் ஏறும், அங்கிருந்து இங்கே இழுத்தால் இறங்கும். அதெல்லாம் விளங்கிற்று. கோப்பைத்தான் காணவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தேடினேன். றிபாவின் படங்கள், நீ வைத்திருக்கிற என்னென்னவோ சாமான்கள், எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. திரும்பவும் கம்பனிக்கு எழுதினேன். பெயர் புள்ளியில் தொடங்கினால் அந்தக் கோப்பு மறைவாகத்தான் இருக்கும் சேர், மறைந்திருப்பவற்றையும் காட்டு என்று ஓர் இடத்தில் அடையாளமிட வேண்டும் என்றார்கள். அடையாளமிட்டேன், வந்து நின்றது. அத்தனை பேரையும் எங்கே போ, எங்கே போகாதே என்று ஆட்டிவைக்கிற கோப்பு வெளியே தலை காட்டுவதில்லை. கந்தோரிலும் அப்படித்தான்.

அதை இடப்பக்கத்துக்கு இழுத்து, நோட்பேட்டில் திறந்து, மூன்று வரிகளையும் எழுதி, சேமித்து, ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ‘பாதுகாப்பற்றது’ அப்படியே இருந்தது. பார்த்தால் நோட்பேட் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு வாலைச் சேர்த்திருக்கிறது. வால் உள்ள கோப்பைச் சேர்வர் தன்னுடைய கோப்பாக ஏற்றுக்கொள்ளாதாம். இதையும் கம்பனிக்காரர்தான் சொன்னார்கள். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால், மருமகன், உனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆனால் வாலை வெட்டிவிட்டேன். வெட்டும்போது, முதலில் எழுதியது அவசரத்தில் எழுதியது, காரியம் சரிவராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், முறையாக எழுதுவோம் என்று எண்ணி, மேலே ஒரு வரி இடம் விட்டு, 786 என்று போட்டேன்.

உனக்குத் தெரியும், பிஸ்மில்லாஹ் சொல்லாமல் நான் ஒரு காரியத்தையும் தொடங்குவதில்லை, அதையே எண்ணாகச் சுருக்கிய 786 போடாமல் ஒரு கடுதாசியையும் தொடங்குவதில்லை. அரசாங்கக் கடிதங்களிலேயே வலது மூலையில் பென்சிலால் சின்னதாகப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவேன். எங்களுடைய சிங்கள எஞ்சினியர் ஒருநாள் அதைக் கண்டுபிடித்து, இது கோப்பு இலக்கமா என்று கேட்டார். ஓம் சேர், எல்லாக் கோப்புக்கும் அதுதான் இலக்கம் என்றேன். அவர் நல்ல மனிதர், அன்றிலிருந்து தன்னுடைய கடிதங்களிலும் அதைத் தவறாமல் போடச் சொல்லிவிட்டார். டோஹாவில் இருக்கிற இளைஞர்களாகிய நீங்கள் இந்த எண்ணுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். அந்த வாதத்தை நீ லீவில் வரும்போது வைத்துக்கொள்வோம்.

கோப்பை வலப்பக்கத்துக்கு இழுத்துப் போட்டேன். பழையதற்கு மேலே எழுதவா என்று கேட்டது. ஓம் என்றேன். வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். படங்கள் இல்லை, கைகள் இல்லை, ஃபோன் நம்பர் இல்லை. வெள்ளைப் பக்கத்தில், சேர்வருக்கு உள்ளுக்குள் ஏதோ கோளாறு என்று இங்கிலீஷில் ஒரு வரியும், ஐந்நூறு என்ற எண்ணும் மட்டும் கிடந்தன. நான் உன் மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நன்றாகப் பார்த்தாள்.

“பாதுகாப்பில்ல எண்டுதானே கவலப்பட்டீங்க,” என்றாள். “இப்ப பாதுகாப்பாத்தான் இரிக்கி. ஒருத்தராலயும் உள்ளுக்குப் போகேலா.”

சரி, பழையபடி வைத்துவிடுவோம் என்று பார்த்தால், பழையதன் பிரதி என்னிடம் இல்லை. வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று பிரதி எடுத்து வைத்தவன் நான். அணைக்கட்டில் ஒரு பலகையைக் கழற்றுவதற்கே மாற்றுப் பலகை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எத்தனை சுற்றுநிருபம் எழுதியிருப்பேன். கம்பனிக்காரரிடம் ஓடினேன். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். நீங்கள் தந்த மூன்று வரிகளைத் தவிர வேறொன்றும் மாற்றவில்லை என்று எழுதினேன். இது பொய் இல்லை மருமகன், 786-ஐ நான் ஒரு மாற்றமாகவே எண்ணவில்லை. கடிதத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டால் காகிதத்தையும் சேர்த்தா சொல்லுவோம்? அவர்கள் அதே மூன்று வரிகளைத் தங்கள் பக்கத்தில் போட்டுப் பார்த்து, எங்களுக்கு வேலை செய்கிறதே சேர் என்றார்கள். முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கவனமாக எழுதுங்கள் என்றார்கள்.

முழுவதையும் அழித்தேன். முதலிலிருந்து கவனமாக எழுதினேன். முதலில் எழுதியது 786. ஏற்றினேன், ஐந்நூறு வந்தது. மறுபடியும் அழித்து, இம்முறை தொழுகைக்குப் போல கை கால் முகம் கழுவி ஒழுச் செய்துவிட்டு வந்து எழுதினேன். ஐந்நூறு வந்தது. இவ்வளவு பெரிய காரியத்துக்குச் சுருக்கி எழுதுவது போதாதோ என்று ஒரு சந்தேகம் வந்து, பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்று முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி ஏற்றினேன். அதற்கும் ஐந்நூறுதான். ளுஹர் தொழுதுவிட்டு நீண்ட நேரம் துஆக் கேட்டேன். கேட்டுவிட்டு வந்து, பழையபடி 786-ஐயே போட்டு, இன்னொருமுறை ஏற்றினேன்.

அதற்குப் பிறகு உண்மையிலேயே பயந்துவிட்டேன். நாளைக்கு நிந்தவூரில் சோறு தின்று முடித்துவிட்டு இந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்ப்பார்கள். றிபா வந்து, யாரையும் திட்டாமல், மருந்துக் கடைக்கு வருவதாகச் சொல்லிவிடுவாள். அவளுக்குத் திட்டத் தெரியாது, அதுதான் பெரிய கரைச்சல். அவளுடைய விரல் நுனியில் எப்போதும் இருக்கிற அந்தச் சிவப்பு இல்லாமல் அந்தக் கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தபடியே கண் கலங்கிவிட்டது. உன் மாமி அதைக் கண்டுவிட்டுத்தான், முஸ்தாக்கோடு கொம்பியூட்டர் படித்த பெரியநீலாவணைப் பொடியன் கல்முனையில் கடை வைத்திருக்கிறான், அவனைக் கூப்பிடுங்கள் என்றாள். அந்தப் பொடியனுக்கு, அதாவது உன் சிநேகிதன் நிரோசனுக்கு, இப்போது தலையில் பாதி முடி இல்லை, இரண்டு பிள்ளைகள். வள்ளக்காரரின் ஜி.பி.எஸ் கருவி திருத்துவது, வெப்சைட் செய்வது என்று நல்ல தொழில். ஃபோன் எடுத்தவுடன், பின்னேரம் அஸருக்குப் பிறகு வாறன் மாமா என்றார், சொன்னபடி வந்தார்.

வந்து உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். திறந்த உடனே கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு அவர் செய்த வேலைகளை நான் என்னவென்று எழுதுவது. கம்பனி தந்த மூன்று வரிகளையும் எழுத்தெழுத்தாக வாசித்தார், மூன்றும் சரி என்றார். ரூட்டரைக் கழற்றி மாட்டினார். வயரைத் தடவிப் பார்த்தார். வீட்டில் கரண்ட் ஏறி இறங்குகிறதா என்று கேட்டார். கொம்பியூட்டரின் திகதி சரியா என்று பார்த்தார். றிபா தங்கச்சியின் வேலை மிகத் திறமான வேலை என்றார். கோப்பை மறுபடி திறக்கும்போதெல்லாம் முதலாவது வரி கண்ணில் படாதபடி சற்றுக் கீழே தள்ளிவிட்டுத்தான் பார்த்தார். உன் மாமி பணியாரமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தின்றுவிட்டு, மாமா, சில நேரம் சேர்வரில் இப்படித்தான், தானாகவே சரி வரும் என்றார். உன் மாமி கதவடியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“தம்பி, நோவு எங்க எண்டு உங்களுக்குத் தெரியும்,” என்றாள். “வாயத் தொறந்து செல்ல மனமில்லாம இரிக்கீங்க. செல்லுங்க.”

நிரோசன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“தெரியும் மாமி. ஆனா அத நான் சொல்லப்படாது. கல்முனையில தமிழாக்களும் முஸ்லிமாக்களும் பிரச்சினப்பட இருக்கிற காரணமே போதும். புதுசா ஒண்டு என்ட வாயால வேணாம்.”

நான் அல்லாஹ்வுக்காகச் சொல்லு மகன் என்றேன். அவர் திரையைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி, விரலை மட்டும் நீட்டினார். மேல் வரி.

சேர்வருக்கு விளங்காத ஒரு சொல் அந்தக் கோப்பில் எங்கே கண்ணில் பட்டாலும் அது மிச்சத்தை வாசிக்காதாம். வீட்டுக் கதவு முழுவதையும் மூடிவிடுமாம். அது நம்முடைய எண் என்பதாலா என்று கேட்டேன். அவர் தன்னுடைய கதையைச் சொன்னார். முன்னொரு முறை அவருடைய ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வெப்சைட் செய்தாராம். கொடியேற்றத்தன்று காலையில் இதே கோப்பைத் திறந்து, பழக்கதோஷத்தில் மேலே பிள்ளையார் சுழி போட்டு ஏற்றிவிட்டாராம். லண்டன், கனடா எல்லாம் கொடியேற்றத்தைப் பார்க்கக் காத்திருக்க, இதே வெள்ளைப் பக்கம், இதே ஐந்நூறு. பக்கத்துக் கோயில்காரர்தான் ஏதோ செய்துவிட்டார்கள் என்று நிர்வாக சபை கூட்டமே போட்டதாம்.

“எங்கட பிள்ளையாருக்கும் இதே கெதிதான் மாமா,” என்றார்.

அதைக் கேட்டவுடன் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை. சேர்வர் ஆள் பார்த்துச் செய்யவில்லை, எல்லோருக்கும் ஒரே அளவில் பொல்லாதது. ஆனாலும் மிச்சமிருந்த கேள்வியைக் கேட்கத்தானே வேண்டும். அழிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

“அழிக்க நான் சொல்லமாட்டன். நீங்களும் அழிக்கமாட்டீங்க. முன்னால இந்தக் குறியப் போடுங்க மாமா. போட்டா வரி அந்த இடத்திலயே கிடக்கும், எல்லாத்துக்கும் மேல. சேர்வர் அத மதிச்சி விலகிப் போகும்.”

அந்தக் குறியைத்தான் நீ இந்தக் கடிதத்தின் தலையிலும் காண்கிறாய். இரண்டு கம்பு நட்டு இரண்டு கம்பி இழுத்த வேலி மாதிரி இருக்கிறது. அதை அவர் போடவில்லை, என்னையே போடச் சொன்னார். போட்டேன். ஏற்றினேன். வெப்சைட் எழும்பி வந்தது. கைகள் எல்லாம் திரும்பி வந்தன. றிபாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘பாதுகாப்பற்றது’ போய், ஒரு சின்னப் பூட்டு வந்து உட்கார்ந்திருந்தது. உன் மாமி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நிரோசன், பிள்ளையாரே என்றார். அந்த நேரம் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

தொழுதுவிட்டு வந்து யோசித்தேன். சேர்வர் வாசிக்காத ஒரு வரியை எழுதி என்ன பலன் என்று சிலர் கேட்கலாம். வாசிக்க வேண்டியவன் வாசிப்பான், சேர்வர் வாசித்தால் என்ன, விட்டால் என்ன. முப்பது வருடம் கந்தோரில் போட்டதையும் ஒருவரும் வாசிக்கவில்லை, ஆனாலும் ஒரு குறையும் வரவில்லை. என் மனம் ஆறிவிட்டது.

நிரோசன் போகும்போது இரண்டு புத்தி சொன்னார். கை வைக்க முன்னால் பிரதி எடுக்க வேண்டும் என்பது ஒன்று. அது எனக்கே தெரியும். மற்றது, நான் சும்மா கேட்டதற்குச் சொன்னது. இவ்வளவு கோப்பு கிடக்கிற இடத்தில் சேர்வர் எதை முதலாவதாகக் காட்டுகிறது என்று கேட்டேன். வெப் பக்கத்துக்குரிய வாலோடு இன்டெக்ஸ் என்று பெயர் வைத்த கோப்பைத்தான் எப்போதும் முதலாவதாகக் காட்டும் என்றார். நல்ல ஒழுங்கு. நீ உள்ளே வரும்போது இந்தக் கடிதம் அவ்வளவு சாமான்களுக்குள் மறைந்துவிடக் கூடாது என்பதற்காக, அதே பெயரை, அதே வாலோடு, இதற்கு வைத்திருக்கிறேன். வாலை இம்முறை நானே வைத்தேன், நோட்பேட்டை நம்பவில்லை.

ஆகவே, மருமகன், நான் கேட்டுக்கொள்வது இதுதான். வெப்சைட் இப்போது கல்லுப் போல நிற்கிறது. இன்று ஜும்ஆ முடிந்து காலிதீன் வீட்டார் பார்ப்பார்கள், பூட்டையும் பார்ப்பார்கள். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், றிபாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்தப் பதிவை அழிக்க முடியுமென்றால் அழித்துவிடு. நானும் இனிமேல் சேர்வரின் பக்கமே போவதில்லை, இந்தக் கடிதத்தை ஏற்றுவதுதான் கடைசி.

வெயிலில் திரியாதே. நேரத்துக்குத் தொழு, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் கையில் பரக்கத்தைத் தரட்டும், உன்னை ஈமானோடும் உடம்பில் நோயில்லாமலும் எங்கள் கண்ணில் கொண்டுவந்து காட்டட்டும். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள். இதை ஏற்றிவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மாமா பக்கீர் முகைதீன்

பின்குறிப்பு: மேலே ‘ஒருவருக்கும் தெரியாத இடம்’ என்று எழுதியதை ரத்துச் செய்துகொள். ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்பதையும். இன்டெக்ஸ் என்று பெயர் வைத்தால் முதலாவதாகக் காட்டும் என்றுதான் நிரோசன் சொன்னார், யாருக்குக் காட்டும் என்று நான் கேட்கவில்லை. உலகத்துக்கே காட்டுமாம். நீ செய்து வைத்த முகப்புக்கு முன்னால் என் கடிதம் போய் நின்றுகொண்டது. பத்தி பத்தியாகப் பிரித்து எழுதியிருந்தேன், அங்கே மூச்சுவிட இடமில்லாமல் ஒரே பத்தியாகக் கிடந்ததாம்.

நிந்தவூரில் சோறு தின்று முடித்து, பெரிய ரீவியில் போட்டு, மணப்பெண்ணே எழும்பி நின்று சத்தமாக வாசித்திருக்கிறாள். லண்டன் சாச்சிமார் ஃபோனில் கேட்டிருக்கிறார்கள். பள்ளிவாசலில் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு நான் வெளியே வந்து ஒரு காலில் செருப்பைப் போட்டபோது காலிதீனிடமிருந்து ஃபோன் வந்தது. மற்றச் செருப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

“மூணு தரமில்ல, நாலு தரம் எழுத வச்சன்,” என்றார். “மற்றது, நான் ஹஜ்ஜுச் செஞ்சவன். பேருக்கு முன்னால அல்ஹாஜ் போடாம உட்டிரிக்கீங்க. அதத் திருத்துங்க.”

மாட்டின் வயதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திருத்துகிறேன் என்றேன். மருதோன்றி விஷயம் என்று தொடங்கினேன். அவர் இடைமறித்தார். வீட்டுப் பொம்பிளைகள் சிரித்துக்கொண்டே இருப்பதால் தனக்கு இன்னும் தேத்தண்ணிகூட வரவில்லை என்றார். பிறகு, “மகள் செல்றா, அந்த வாப்பாட மகள்தான் வந்து போட வேணுமாம்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உன் உம்மாவும் வாசித்திருக்கிறாள். அவளுடைய வாயைப் பற்றி எழுதியதையும் ரத்துச் செய்துகொள். முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். மருந்துக் கடை விஷயத்தைத் தன்னிடம் மறைத்ததற்காக உன் மாமி என்னோடு கதைப்பதில்லை, உன் உம்மா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கதைக்கிறாள்.

றிபா வேனில் வரும்போதே முழுவதையும் வாசித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. என் முன்னால் உட்கார்ந்து சேர்வரின் திறப்பை மாற்றினாள். கடிதத்தை முகப்பிலிருந்து எடுத்து, அழிக்காமல், ஒரு மூலையில் வாசிக்கத்தக்கதாக வைத்தாள். அதில் ஓர் எழுத்தையும் மாற்றவிடவில்லை, ஆகவே நிந்தவூர் அல்ஹாஜ் காலிதீன் அவர்கள் என்று இங்கே திருத்திக்கொள்கிறேன், இது ஐந்தாவது தரம். இந்தப் பின்குறிப்பை நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடிக்கிறாள். அவளுடைய விரல் சிவப்பாகத்தான் இருக்கிறது. நான் இனி எங்கேதான் கை வைக்கலாம் என்று கேட்டேன்.

“அந்த எழுநூத்தி எண்பத்தாற நீங்க அழிக்கவுமில்ல, கீழ இறக்கவுமில்ல வாப்பா,” என்றாள். “எல்லாத்துக்கும் மேலதான் வச்சிரிக்கீங்க. இனி நானும் உங்கள அப்படித்தான் வச்சிக்கொள்ளுவன்.”

அதைக் கேட்டு எனக்கு மிகவும் சந்தோஷம். கையொப்பத்தையும் தானே போடுவதாகச் சொல்கிறாள்.

# மாமா பக்கீர் முகைதீன்